சூப்பர் குளூ போட்ட மரக் கப்புல டீ குடிக்கலாம்னு வர்ற மெசேஜ் தப்பு

நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்ஸப் குரூப்ல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, விரிசல் விட்ட மரக் கப்புக்கு சூப்பர் குளூ போதும், ஆஸ்பத்திரியில காயத்தையே அதாலதான் ஒட்டுறாங்க, காஞ்சா ஒன்னும் ஆகாதுன்னு.

பாதி உண்மை இருக்கறதாலதான் எல்லாரும் நம்பிடறாங்க. 1998ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதிச்ச காயப் பசை ஆக்டைல் சயனோஅக்ரிலேட், ஹார்ட்வேர் கடையில நாம வாங்குற சின்ன டியூப் பெரும்பாலும் எத்தில் சயனோஅக்ரிலேட், ரெண்டும் ஒரே குடும்பம்தான் ஆனா சரக்கு வேற, அதோட தோலுக்கு அனுமதி குடுத்தா குடிக்கிற கப்புக்கும் குடுத்ததா ஆயிடாதுங்க. சுடுதண்ணியும் ஈரமும் பட்டுக்கிட்டே இருந்தா அந்த ஒட்டு வலுவிழந்துரும், மரம் வேற ஈரத்துல உப்பும் காஞ்சா சுருங்கும், அந்த இழுப்புல விரிசல் திரும்ப வாய் திறந்து சுடச்சுட தே தாரிக் பிள்ளைங்க மடியில கொட்டிட்டா என்ன பண்றது?

டைட்பாண்ட் 3ங்கிற மரப் பசை பத்தியும் கேக்குறாங்க. காய்கறி வெட்டுற பலகைக்கு சரி, ஆனா தண்ணியில தொடர்ந்து ஊறுற இடத்துக்கு வேணாம்னு கம்பெனியே சொல்லுது. கப்புக்குன்னா உணவு படலாம்னு தெளிவா எழுதியிருக்குற எபாக்சியா (ரெண்டு பாகத்தைக் கலந்து போடுற பசை) பாருங்க, எவ்வளவு சூடு தாங்கும், முழுசா இறுக எத்தனை நாள்னு கம்பெனி வெப்சைட்ல டெக்னிக்கல் டேட்டா ஷீட்ல இருக்கும், அதைப் படிச்சிட்டு போடுங்க.

அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்டு விடுங்க.