நட்டாஷாவுக்குக் காரியம் யார் செய்தது?

சனிக்கிழமை மொட்டைமாடியில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' போட்டபோது, செத்துப்போன நட்டாஷாவுக்கு ஏன் இறுதிச்சடங்கு இல்லை என்று நான் மைக்கில் கேட்கப்போய் நடந்ததை வந்திருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வீடியோவாகவே பார்த்துவிட்டீர்கள். அதனால் முழுக்கதை வேண்டாம். "சாவு வீட்டு சீன் வேணும்னா மெகா சீரியல் பாருங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து மைக்கை வாங்கிய தம்பியின் பெயரையும் எழுதப்போவதில்லை. நல்ல பையன்தான். புரொஜக்டர் வாடகைக்கு நானும்தான் பங்கு கொடுத்தேன் என்பதை மட்டும்... சரி, விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மார்வெலின் சூப்பர்ஹீரோக்கள் ஒன்றாகச் சேரும் ஓர் அணிப்படம். தனிநாயகன் படத்தில் நாயகனைத் தவிர மற்றவர்களை அம்போவென்று விட்டுவிட்டுப் போகலாம். அணிப்படத்தில் போக முடியாது. அணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். இந்தப் படம் ஒருத்திக்கு, 'பிளாக் விடோ' நட்டாஷாவுக்கு, தீர்க்கவில்லை. அவ்வளவுதான் சொன்னேன். சொல்லவும் விடவில்லை.

எனக்குப் படம் பிடிக்காது என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறதாம். 2019 ஏப்ரலில் முதல் வாரமே தியேட்டரில் கத்தித் தொண்டை கட்டியவள் நான். மூன்று மணி நேரப் படத்தில் முதல் ஒரு மணி நேரம் பெரிய சண்டை எதுவும் கிடையாது. தோற்றுப்போனவர்கள் உட்கார்ந்து துக்கப்படுகிறார்கள். அவ்வளவு காசு போட்டு எடுத்த படத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும். முந்தைய படத்தில் பாதி உயிர்களைச் சாம்பலாக்கிய வில்லன் தானோஸின் தலையைத் தோர் ஆரம்பத்திலேயே சீவிவிடுகிறான், ஆனாலும் ஒன்றும் மாறவில்லை. வில்லனைக் கொன்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருபத்தோரு படமாகப் பழகிவந்த நமக்கு அது நல்ல அடி. கடைசியில் கேப்டன் அமெரிக்கா தன்னந்தனியாகக் கேடயப் பட்டையை இறுக்கிக்கொண்டு ஒரு முழுப் படைக்கு எதிரே நிற்க, காதில் நண்பன் சாமின் குரல் கேட்டு, பின்னால் வட்டவட்டமாக வாசல்கள் திறக்குமே, அந்த இடத்தை இன்றைக்குப் போட்டாலும் எனக்குக் கை சிலிர்க்கும். அந்த இடத்துக்காக மற்ற குறைகளை மன்னித்தேன். காலப்பயண விதிகளைப் படமே ஒழுங்காகப் பின்பற்றவில்லை, மன்னித்தேன். 2014-லிருந்து வரும் தானோஸுக்கு இவர்கள் யாரென்றே தெரியாது, அதனால் பகையில் பாதிச் சூடு போய்விட்டது, அதையும் மன்னித்தேன். விஞ்ஞானி ப்ரூஸ் பேனரும் அவனுக்குள் இருக்கும் பச்சை அரக்கன் ஹல்க்கும் ஒன்றான கதையைத் திரைக்குப் பின்னாலேயே முடித்துவிட்டு ஹோட்டல் மேசையில் உட்கார்ந்து நமக்குச் செய்தி சொன்னார்கள். போகட்டும்.

நட்டாஷாவை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

பாதி உயிர்கள் சாம்பலாகி ஐந்து வருடம் ஆகிறது. அயர்ன் மேன் டோனி ஏரிக்கரையில் வீடு கட்டிக் குழந்தை பெற்றுவிட்டான். தோர் பீர் குடித்துக் கிடக்கிறான். 'ஹாக்ஐ' என்ற வில்வீரன் கிளின்ட் கத்தியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருக்கிறான். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ஆறுதல் கூட்டம் நடத்துகிறான். அணியை யார் நடத்துகிறார்கள்? ஒரு மேசை, ஒரு பீனட் பட்டர் ரொட்டி, விண்வெளியிலிருந்து வரும் அறிக்கைகளைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அழைப்பு முடிந்த பிறகுதான் அழுகிறாள். மழையில் டோக்கியோவரை போய்க் கிளின்ட்டைக் கூட்டி வருகிறாள். காலத்தில் பின்னால் போய்ச் சரியான வருடத்தைப் பிடித்தால், போன உயிர்களை மீட்கத் தேவையான ஆறு கற்களில் மூன்று நியூயார்க்கிலேயே இருக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வதும் அவள்தான். 2012-இல் வந்த முதல் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் வில்லன் லோகியின் வாயைப் பிடுங்கியது அவள், அவன் செங்கோலை வைத்தே வானத்து வாசலை மூடியது அவள். அதற்குள் டோனி, ஸ்டீவ், தோர் மூன்று பேருக்கும் தலைக்கு மூன்று தனிப்படம் வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவள், ஒரு கல்லுக்கு விலையாகக் கிளின்ட், அவள் இரண்டு பேரில் ஒருவர் சாக வேண்டும் என்ற நிலையில், வோர்மிர் என்ற கிரகத்து மலையில் விழுந்து சாகிறாள். மிச்சப் பேர் ஏரி ஓரம் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், ஹல்க் ஒரு பெஞ்சைத் தூக்கி எறிகிறான், உடனே அடுத்த காட்சியில் கற்களைக் கையுறையில் பொருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கடைசியில் சாகும் டோனிக்கு? ஏரியில் மலர் வளையம் மிதக்கிறது, கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. 'அயர்ன் மேன் 3'-இல் வந்த சின்னப் பையன்கூட வளர்ந்து ஓரமாக நிற்கிறான். எனக்கு டோனிமேல் எந்தக் கோபமும் இல்லை. அந்தக் காட்சியில் நானும் அழுதேன். நான் கேட்டது ஒரே கேள்வி: அவளுக்கு எங்கே?

"அக்கா, நேரம் இல்லை, படம் ஏற்கெனவே 181 நிமிடம்." இதை நாலு பேர் எழுதிவிட்டீர்கள். தோரின் தொப்பையை வைத்து ஜோக் அடிக்க நேரம் இருந்தது. தோரின் கல்மனித நண்பன் கோர்க் வீடியோ கேம் விளையாட நேரம் இருந்தது. காலப்பயணச் சோதனையில் 'ஆன்ட்மேன்' ஸ்காட்டைக் குழந்தையாக்கி, கிழவனாக்கி, பறிபோன டாக்கோவுக்குப் பதில் ஹல்க் வேறு டாக்கோ கொடுக்கவும் நேரம் இருந்தது. நட்டாஷா என்றதும் கடிகாரம் பார்க்கிறீர்கள்.

"முந்தைய படத்தில் செத்த விஷனுக்கும்தான் இறுதிச்சடங்கு இல்லை." ஆமாம். அதற்குப் பதிலாக 'வாண்டாவிஷன்' என்று ஒரு தொடரே எடுத்து ஒன்பது எபிசோடு துக்கம் அனுசரித்தார்கள். அடுத்த ஆள் வரலாம்.

படத்தை எழுதியவர்களே அப்போது ஒரு பேட்டியில் காரணம் சொன்னார்கள்: டோனி ஊரறிந்த பெரிய மனிதர், இவளோ கடைசிவரை மர்மமாகவே இருந்தவள், அதனால்தான் அவருக்கு இறுதிச்சடங்கு, இவளுக்கு இல்லை என்று. மர்மமாக வைத்திருந்தது யாரப்பா? நீங்கள்தானே எழுதினீர்கள்?

இதுவரை நான் நிதானமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் சனிக்கிழமை பின் வரிசையிலிருந்து வந்த ஒரு குரல் தூங்கவிடவில்லை. "கிளின்ட்டுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு, அவளுக்கு யார் இருக்கா, அவ போறதுதான் லாஜிக்."

இந்த லாஜிக்கை நான் சினிமாவுக்கு வெளியே கேட்டிருக்கிறேன். அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது அத்தை, சித்தப்பாக்களின் படிப்புச் செலவுக்கு நகையை அடகு வைத்தது அத்தை, சொத்துத் தகராறில் ஆளுக்கொரு பக்கம் போனவர்களைப் பொங்கலுக்காவது ஒரே பந்தியில் உட்காரவைத்ததும் அத்தைதான். தாத்தா போனபோது பேருந்து நிலையம்வரை கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பேண்டு வாத்தியம், பதினாறாம் நாள் ஊருக்கே சாப்பாடு. அத்தை போனபோது அடுத்த மாதம் வீட்டில் ஒரு கல்யாணம் வைத்திருந்தார்கள். "மூணு நாள்ல முடிச்சிடலாம். புள்ளகுட்டி இல்லாதவ, பதினாறு யாருக்காக?" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது, மூன்று வகைப் பாயசம்.

ஆமாம் தம்பி, கற்பனைப் பாத்திரத்துக்காக அழுகிறேன். நீங்கள் டோனிக்காக வாட்ஸ்ஆப் முகப்பில் கறுப்புப் படம் வைத்தது எந்தக் கணக்கு? தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்ததற்கு இங்கே எத்தனை நாள் சண்டை போட்டீர்கள்! நட்டாஷாவுக்குக் குரல் கொடுத்தது ஆண்ட்ரியா என்று உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை?

"பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து நிற்கும் ஷாட் வைத்தார்களே, அதுவும் போதாதா" என்று ஒரு தோழியே கேட்டார். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். கேப்டன் மார்வெல் நடுவில், சுற்றிலும் ஒக்கோயே, வாண்டா, வால்கிரி என்று எல்லாரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அந்த அணியின் முதல் பெண் அதில் இல்லை. அவளைச் சற்று முன்புதான் மலையிலிருந்து தள்ளியிருந்தார்கள். "தள்ளவில்லை, அவளாகத்தான் குதித்தாள்" என்று திருத்த வருவீர்கள். தெரியும். கிளின்ட்டோடு சண்டை போட்டு, அவன் கையை உதறிவிட்டுப் போனாள். அவள் முடிவு அவளுடையது, நடிப்பும் அருமை. தியாகத்தை நான் குறை சொல்லவே இல்லை. எங்கள் அத்தையும் தானாகத்தான் நகையைக் கழற்றிக் கொடுத்தார். தானாகக் கொடுத்தார் என்பதற்காக வாங்கினவர்களுக்குக் கடமை இல்லாமல் போய்விடுமா?

கடைசியாக ஒன்று, எப்படியும் யாராவது எடுத்து வருவீர்கள்: "அதற்குத்தானே 2021-இல் 'பிளாக் விடோ' தனிப்படம் கொடுத்தார்கள்." அவள் முதன்முதலில் திரைக்கு வந்து பதினொரு வருடம் கழித்து, அவள் செத்த பிறகு, அவள் உயிரோடு இருந்த காலத்துக் கதை. அதில் எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு ஒருவழியாக அவள் கல்லறையைக் காட்டினார்கள். தங்கை யெலெனா நாயோடு வருகிறாள், கல்லைத் துடைக்கிறாள். அப்பாடா, இப்போதாவது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மணி வந்து கைக்குட்டையில் சத்தமாக மூக்கைச் சிந்தி, எனக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது என்கிறாள். பிறகு அடுத்துக் கொல்ல வேண்டிய ஆள் என்று கிளின்ட்டின் போட்டோவை நீட்டுகிறாள். அந்த வருடக் கடைசியில் வரவிருந்த 'ஹாக்ஐ' தொடருக்கு விளம்பரம்.