ஆறு ஆணி ஓட்டை

போன மாதம் அல்சூர் வீட்டைக் காலி செய்தோம். ஓனர் சாவியை வாங்கியதும் முதலில் சுவரைத் தடவிப் பார்த்தார். ஹாலில் நான்கு, படுக்கையறையில் இரண்டு, ஆக ஆறு ஆணி ஓட்டை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்று, சிங்குக்கு அடியில் குனிந்து சொட்டுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸைக் கொடுத்தார். பெங்களூரில் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் அன்று ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்தபோது, இந்த மனிதரைக் கொண்டுபோய் ஒரு சுரங்க நிலத்தில் விட்டால் எவ்வளவு நன்றாகச் சோதிப்பார் என்று தோன்றியது.

என் வேலை அப்படி. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் சர்வே வரைபடங்களை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிறேன். எல்லாம் நெய்வேலி மாதிரித் திறந்தவெளிச் சுரங்கங்கள். அங்கே 1977-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கிறது. தோண்டிய நிலத்தைச் சீர்செய்து கொடுப்பேன் என்று, தோண்டுவதற்கு முன்பே பிணையம் கட்டவேண்டும், குறைந்தது 10,000 டாலர். நம் அட்வான்ஸ் மாதிரிதான், ஆனால் திரும்பி வருவது மூன்று தவணையில். குழியை மூடி, சரிவை ஒழுங்காக்கி, வடிகால் அமைத்தால் அதிகபட்சம் 60 சதவீதம். செடி கொடி பிடித்து நின்றால் இன்னொரு பங்கு. மிச்சத்துக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால் 10 வருடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதில் வரும் ஒரு சின்ன நிபந்தனை. வழக்கமான பராமரிப்பைத் தாண்டி மறுபடி விதை தூவினாலோ, உரம் போட்டாலோ, தண்ணீர் பாய்ச்சினாலோ அந்த 5 வருடத்தை முதலிலிருந்து எண்ணுவார்கள். அதிகாரி வருகிற வாரம் டேங்கர் லாரி விட்டுப் பச்சையாக்குகிற வேலை நடக்காது. எந்தப் பருவத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அதிகாரிகளே வரையறுக்கலாம். யார் எழுதியதோ, ஏமாந்து அனுபவப்பட்டவராகத்தான் இருக்கவேண்டும்.

ஏனென்றால் பச்சையைப் பார்த்து ஏமாறுவது ரொம்ப சுலபம். போன வருடம் ஒரு கோப்பு வந்தது. வரைபடத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயரக்கோடுகள் சீப்பால் வாரிவிட்ட மாதிரி இருந்தன. ட்ரோன் படத்தில் முழுச் சரிவும் புல். பெரிதாக்கிக்கொண்டே போனால், புல்லுக்கு நடுவே தலைமுடி வகிடு மாதிரி மேலிருந்து கீழே நாலைந்து கோடுகள், மழைநீர் அறுத்தவை. அவை இறங்கும் இடத்தில், மழைநீரில் வரும் மண் படிவதற்கான வண்டல் குட்டையின் ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. உள்ளே புதைத்த பாறையில் இருக்கும் கந்தகக் கனிமத்தில் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் ஊறும்; கூடவே கரைந்து வருகிற இரும்பு வெளியே வந்து துருவாகப் படியும். மேலே புல் என்ன உயரம் வளர்ந்தாலும் இது நிற்காது. எங்கள் டீம் லீட், "நம்ம வேலை வரைபடம் மட்டும்தான், படத்தை எதுக்கு நோண்டுற?" என்றார். குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதித்தான் அனுப்பினேன். அப்புறம் என்ன ஆனது என்று எனக்குச் சொல்ல யாருமில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கேயும் இரும்புத்தாது மாதிரிப் பெரிய கனிமங்களுக்கு நிதி உத்தரவாதம் உண்டு. 2021 திருத்தத்தில் அது சுரங்கத்தின் வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 5 லட்சம் அல்லது 3 லட்சம் ரூபாய் ஆனது. பெங்களூரைச் சுற்றியுள்ள கல்குவாரிகள் சிறு கனிமம் என்பதால் மாநில அரசின் விதிகளுக்குள் போய்விடும். மிட்டகானஹள்ளிக் குவாரிக் குழிக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த நகரத்தின் குப்பை. அதையும் 'குழியை மூடுவது' என்று ஒருவர் வாதாடலாம், நம்மிடம் வாதாடுபவர்களுக்கா பஞ்சம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம், தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்க்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் புல் முளைத்ததோடு வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் என் பயம். நான் பார்த்த அந்தச் சரிவிலும் புல் இருந்தது.

பணத்தை இத்தனை வருடம் முடக்கினால் எவன் தொழில் செய்வான் என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் தவணை. பெரிய பங்கைச் சீக்கிரம் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கடைசிப் பங்கு சிறியதாக இருந்தாலும், நாலைந்து மழைக்காலம் பார்த்து, தண்ணீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்று நடந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். அலுவலகத்தில் ஃபோட்டோவைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் ரயில் பிடித்து அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 வரை வேலை பார்த்தவர். அது பூமிக்கடியில் போன சுரங்கம், நான் பார்க்கிற கோப்புகளோடு ஒப்பிட முடியாது. ஆனால் பாறையை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் மேடு மேடாக வெளியேதான் நிற்கிறது. சயனைடு மேடு என்போம். ஆடிக் காற்றில் அந்த மண் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்குள் வரும். அம்மா குடத்தின் வாயில் ஈரத்துணி கட்டிவைப்பாள். கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் மாவுப் பையை உதறின மாதிரி இருக்கும்.

அப்பாவிடம் அந்த அமெரிக்கச் சட்டத்தைச் சொன்னேன். நாலு வாரம் பேப்பரில் விளம்பரம் போடவேண்டும், சோதிக்கப் போகும்போது நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுக்கவேண்டும், அவர் கூடவே நடந்து பார்க்கலாம் என்றேன்.

"நிலத்துக்காரனையுமா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மழை விட்ட மறுநாள் போகணும்டா. மேடு எங்க உடைஞ்சிருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். வெயில் நாள்ல போனா எல்லாம் ஒட்டிக்கிட்டு நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும்." அப்புறம் எழுந்துகொண்டே, "பின்னாடி ஜன்னலைச் சாத்து, காத்து கிளம்பிடுச்சு" என்றார்.