ஃபார்மட் அடிச்சாச்சு சார், வைரஸ் போயிடுச்சு!

மகளுடைய ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டு போனேன். 5 ரூபாய் வேலை. பேங்கில் நூல் கட்டித் தொங்கும் பேனா மாதிரி, அந்தக் கடை சிஸ்டத்தில் ஊரே வந்து கை வைத்துவிட்டுப் போகிறது. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால், 'கல்யாண போட்டோ' ஃபோல்டரின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அளவு 2 கேபி. மண்டபம் நிறையக் கூடிய சொந்தபந்தம் அத்தனை பேரும் 2 கேபிக்குள்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டபுள் கிளிக் செய்தேன். கறுப்பு ஜன்னல் ஒன்று கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறைந்தது. பிறகு போட்டோக்கள் ஒழுங்காகத் திறந்தன. அந்தச் சனியனின் சாமர்த்தியமே அதுதான். கேட்டதைக் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

பென்டிரைவைச் செருகினாலே புரோகிராம் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7-லேயே எடுத்துவிட்டார்கள். 2011-இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் கொடுத்து அடைத்தார்கள். அதனால் இப்போது கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். என் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

அக்கா மகனுக்கு போன் போட்டேன். "மாமா, கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்க. அட்ரிப், ஒரு ஸ்பேஸ், மைனஸ் ஹெச், ஒரு ஸ்பேஸ், மைனஸ் எஸ்..." ஸ்பேஸ் விட்ட இடம் தப்பி மூன்று தடவை அடித்தேன். ஒளித்து வைத்திருந்த நிஜ ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அம்புக்குறி போட்ட போலி ஃபோல்டர்களை, அதாவது ஷார்ட்கட்களை எல்லாம் அழித்தேன். எஃப்5 தட்டினேன். எல்லாம் திரும்பி வந்து வரிசையில் நின்றன. "டாஸ்க் மேனேஜர்ல டபிள்யூஸ்கிரிப்ட்னு ஒண்ணு ஓடுதா பாருங்க, அதை முதல்ல நிறுத்துங்க" என்றான். நிறுத்தினேன். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்த விபிஎஸ் ஃபைலையும் (வைரஸின் புரோகிராமே அதுதான்) அழித்தேன். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஆஜர். புரோகிராம்களைச் சொன்ன நேரத்துக்குத் தானாக எழுப்பிவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் தனக்கென்று ஒரு வேலையைப் பதிந்து வைத்திருக்கிறதாம். கோரைப் புல்லை மேலே மேலே பிடுங்கினால் கிழங்கு சும்மா இருக்குமா?

அப்புறம்தான் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 500 ரூபாய். சாயங்காலம் வாங்கப் போனபோது கேட்டேன், "முழுசாப் போயிடுச்சா தம்பி?" கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல ஒரு பார்வை. "ஃபார்மட் அடிச்சாச்சு சார். போயிடுச்சு."

இந்த 'போயிடுச்சு' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவர் அடித்தது சி டிரைவை மட்டும். டி டிரைவை "உங்க டேட்டா இருக்குமே சார்" என்று தொடவே இல்லை. பத்து வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த செட்டப் ஃபைல் குப்பை முழுவதும் அதில் அப்படியே இருந்தது. சரி, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் போட்டேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பச்சை டிக். ஆபத்து எதுவும் இல்லை என்றது. பரவாயில்லையே, நம்ம சிஸ்டம் இவ்வளவு வேகமா என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள் மாதிரி.

மூன்றாம் நாள் வேறொரு பென்டிரைவைச் செருகினேன். மறுபடியும் அம்புக்குறிகள்.

அக்கா மகன் நேரிலேயே வந்துவிட்டான். டிஃபெண்டர் செட்டிங்ஸுக்குள் போய், எக்ஸ்க்ளூஷன் என்ற பட்டியலைத் திறந்து காட்டினான். ஸ்கேன் செய்யும்போது எங்கெல்லாம் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைக்கும் பட்டியல் அது. அதில் இரண்டே வரிகள். ஒன்று சி டிரைவ், இன்னொன்று டி டிரைவ். என் கம்ப்யூட்டரில் இருப்பதே அந்த இரண்டு டிரைவ்தான்! வாட்ச்மேன் கண்ணைக் கட்டிவிட்டு, திருடன் எவனும் வரவில்லையே என்று பச்சை டிக் வாங்கியிருக்கிறேன்.

கடைக்கு போன் செய்தேன். கொஞ்சமும் அசராமல் பதில் வந்தது: "அது போடலைன்னா விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாது சார், டிஃபெண்டர் தூக்கிடும்." அதாவது, அவர் போட்டுக் கொடுத்தது திருட்டு விண்டோஸ். அதை உயிரோடு வைக்க ஒரு கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைக்கும் புரோகிராம். அந்த கிராக் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக என் வீட்டுக் காவலையே எடுத்துவிட்டார். வைரஸ் டி டிரைவிலிருந்து திரும்பி வந்ததா, அந்த கிராக்கோடு குடி வந்ததா, யாரைப் போய்க் கேட்பது?

இன்னொரு எரிச்சல். உள்ளே இருந்த நாட்களில் அது எதை எடுத்துக்கொண்டு போயிருக்கும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் ரகங்கள் இருக்கின்றன. லாகின் ஆகியே கிடக்கும் கணக்கின் குக்கியை, அதாவது பிரவுசர் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டைத் தூக்கினால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஃபார்மட் அடித்தால் போன பாஸ்வேர்டு திரும்பி வந்துவிடுமா? மெயில், பேங்க் என்று ஒவ்வொன்றாக போனில் உட்கார்ந்து மாற்றினேன், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்தேன். அந்த வைரஸ் கைவைத்த கம்ப்யூட்டரிலேயே மாற்றுவது, திருடன் எதிரிலேயே புதுப் பூட்டின் சாவியை எண்ணி எடுப்பது மாதிரி.

டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே ரீஸ்டார்ட் செய்து தேடும், கால் மணி நேரம்போல ஆகும். வைரஸ் முழித்துக்கொண்டு ஒளிய வழியில்லை. 500 ரூபாய் வாங்கியவர் இதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் தனக்குத் தெரிந்தது எதுவும் கண்ணில் படவில்லை என்றுதான் சொல்லும். 'ஒன்றுமே இல்லை' என்பது வேறு.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்தேன். அக்கா மகனுடைய சுத்தமான லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி, புது 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினோம். இன்ஸ்டால் திரையில் சி, டி எல்லாவற்றையும் அழித்து, வெறும் தரை மட்டும் மிஞ்சிய பிறகுதான் புதிதாகப் போட்டோம். லைசென்ஸ் காசு கொடுத்து வாங்கினேன், வயிறு எரிந்தது. போட்டோக்களும் டாக்குமெண்டுகளும் மட்டும் ஸ்கேன் ஆகி உள்ளே வந்தன. செட்டப் ஃபைல் ஒன்றுகூடக் கிடையாது.

நிம்மதியாக குரோமில் லாகின் செய்தேன். இரண்டே நிமிடத்தில், தேடல் பக்கத்தையே மாற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம்), கணக்கில் இருந்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. காலி செய்த வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரர் பெட்டி படுக்கையோடு வந்து நின்றது போல. அதையும் விரட்டினேன்.

நேற்று அந்த ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். "உங்க சிஸ்டத்துல வைரஸ் இருக்குண்ணே."

"எல்லார் பென்டிரைவ்லயும் இருக்கு சார், நாங்க என்ன பண்றது? மாசா மாசம் ஃபார்மட் அடிச்சுடறோம்."

எங்கே கொடுத்து அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அதே சர்வீஸ் கடை.