மாத்திரைக்குக் கணக்கு இருக்கிறது, தப்பித்தவருக்கு இல்லை

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை, வீடு தேடி மாத்திரை தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்து அக்கா வருவார். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் குச்சியில் தொட்டு, வந்த சர்க்கரை அளவை முதலில் செல்போனில் ஏற்றுவார். அப்புறம்தான் அம்மாவிடம் சொல்வார். போன மாதம் 214.

“என்னம்மா, மறுபடியும் ஏறிப்போச்சு?”

“நேத்து ஒரு கல்யாணம், கண்ணு.”

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டைகளை எண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அரசுக் கணக்கில் அம்மா ஒரு பயனாளி. அந்த 214-ஐ அறிக்கையில் தேடினால் கிடைக்காது.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. நடக்க முடியாதவர் வாசலுக்கே மாத்திரை வருவது சின்ன விஷயமா? என் ஆதங்கம் எதை எண்ணுகிறோம் என்பதில்தான். 2020-இல் மாநில அளவில் எடுத்த ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 10.8 சதவீதம். அடுத்த சுற்றில் 16.7. ஏற்றம்தான், ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். லட்சக்கணக்கில் பயனாளிகள் என்று மேடையில் சொல்வதைவிட இந்த எண்தான் எனக்கு முக்கியம்.

சரி, இது நோய் வந்தவர்களின் கதை. வரப்போகிறவர்கள்?

என் தம்பிக்கு 34 வயது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. “பார்டர்தான், மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைப் பார்த்துக்கோங்க” என்று அனுப்பிவிட்டார்கள். எந்தச் சாப்பாட்டை, எப்படி என்று சொல்ல ஆளில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னபடி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி. இவனைப்போல் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி.

இவர்களைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு வெளிநாட்டு ஆதாரம் தேவையில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, இந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாடு என்று விடாமல் ஆலோசனை பெற்றவர்களில் 39 சதவீதம். அப்படி ஒருவரைக் காப்பாற்ற ஆன செலவு அன்றைய மதிப்பில் சுமார் 47 ஆயிரம் ரூபாய். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு ஒருவர் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் படுக்கையில் படுக்க ஆரம்பித்தால், ஆயுள் முழுக்க ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செலவும் பல நேரம் அரசுடையதுதான். காப்பீட்டுத் திட்டத்திலோ அரசு மருத்துவமனைக் கணக்கிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். சர்க்கரையால் வந்தது என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

இன்னொரு கூத்து. ரேஷனில் அரிசி சும்மா, சர்க்கரை கிலோ 25 ரூபாய். அரிசி வேண்டாம் என்பவர்களுக்கென்றே ‘சர்க்கரை கார்டு’ வேறு இருக்கிறது. ஒரு துறை சர்க்கரைக்கு மானியம் தருகிறது, இன்னொரு துறை மாத்திரை தருகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்ட கொள்கை விளக்கக் குறிப்பை நான் பார்த்ததில்லை.

சட்டமன்றத்தில் சுகாதாரத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை வரும்போது எனக்கு ஒரே ஒரு பட்டியல் போதும்: இந்த மாவட்டத்தில் போன வருடம் பார்டரில் இருந்தவர்கள் இத்தனை பேர், இந்த வருடம் தாண்டியவர்கள் இத்தனை, திரும்பியவர்கள் இத்தனை, செலவு இவ்வளவு.

போன வாரம் அக்கா வந்தபோது தம்பியும் விரலை நீட்டினான். 118. “உங்களுக்கு மாத்திரை இல்ல தம்பி” என்று சிரித்துக்கொண்டே பையை மூடினார்.