செனட் வேண்டாம், டிரிபியூன் வேண்டும்

இணையக் குழு ஒன்றுக்கு ரோமானியக் குடியரசைப் போல ஆட்சி முறை வகுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கைவைப்பது செனட்டில்தான். மூத்த உறுப்பினர்களைச் சேர்த்து ஒரு சபை, அட்மின்களுக்குக் கான்சல் என்று ரோமின் தலைமை அதிகாரிகளின் பெயர், வேலை முடிந்தது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பழைய ஆட்களின் பிடி எல்லாக் குழுக்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு லத்தீன் பெயர் வைப்பதால் புது உறுப்பினருக்கு என்ன கிடைக்கும்?

ரோமிடமிருந்து எடுக்க வேண்டியது, சாதாரண மக்களைக் காக்க இருந்த டிரிபியூன் பதவி.

மரபுக் கணக்குப்படி கி.மு. 494-இல், கடன் கொடுமை தாங்காமல் பிளெபியர்கள் என்ற சாதாரணக் குடிமக்கள் கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறிப் புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். படைக்கு ஆள் இல்லை என்றதும் மேட்டுக்குடியினர் இறங்கிவந்தார்கள். அப்போது கிடைத்ததுதான் இந்தப் பதவி. பிளெபியர் மட்டுமே வர முடியும். டிரிபியூனிடம் படை கிடையாது. ஆனால் ஓர் அதிகாரி ஒருவரைத் தண்டிக்கப் போனால் குறுக்கே நின்று தடுக்கலாம். பின்னாளில் செனட்டின் தீர்மானத்தையே நிறுத்தும் அளவுக்கு அந்த உரிமை வளர்ந்தது. அவர் மேல் கைவைப்பவனைக் கொன்றாலும் குற்றமில்லை என்று மக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். உதவி கேட்டு யாரும் வரலாம் என்பதால் அவர் வீட்டுக் கதவு இரவிலும் திறந்தே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

நம் குழுக்களில் ஒருவரை நீக்கினால், நீக்கியவரிடமேதான் அவர் முறையிட வேண்டியிருக்கிறது. இது அநியாயம். அட்மின்கள் ஓட்டுப் போடாமல், உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கும் இரண்டு டிரிபியூன்கள் இருக்கட்டும். எந்த நீக்கத்தையும் அவர்கள் நிறுத்திவைக்கலாம். அவர்களை அட்மின் தொடக்கூடாது.

இப்படித் தடுக்கும் உரிமையை, அதாவது வீட்டோவை, கொடுத்தால் ஒரு வேலையும் நடக்காது என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. கி.மு. 133-இல் டிரிபியூன் டைபீரியஸ் கிராக்கஸ் கொண்டுவந்த நிலச் சட்டத்தைத் தடுத்தவர் இன்னொரு டிரிபியூனான ஆக்டேவியஸ். அவரை ஓட்டெடுப்பு நடத்தி நீக்கினார் கிராக்கஸ். அதே ஆண்டில் செனட்டர்களும் அவர்கள் ஆட்களும் கிராக்கஸை அடித்தே கொன்றார்கள். ஆகவே தடைக்கு 7 நாள் கெடு வைப்போம். அதற்குள் தீரவில்லை என்றால் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கட்டும்.

அவசர காலத்துக்கு ஒருவரிடம் முழு அதிகாரம் தருவதும் சரிதான், முடியும் தேதியை முன்பே எழுதிவிட்டால். ரோமில் டிக்டேட்டருக்கு 6 மாதம்தான். கி.மு. 82-இல் டிக்டேட்டரான தளபதி சுல்லாவுக்கு அந்த வரம்பு இல்லாமல் போனது. அவர் முதலில் நசுக்கியவற்றில் டிரிபியூன்களின் அதிகாரமும் ஒன்று.

அப்புறம், டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் குழுவின் உரிமையாளரை அட்மின்களாலோ உறுப்பினர்களாலோ நீக்க முடியாது. எந்த விதியும் அந்தச் சாவிக்கு முன்னால் காகிதம்தான். அதனால் பதிவுகளின் நகல் ஒன்று டிரிபியூன்களிடம் எப்போதும் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் மொத்தமாக வெளியேறினாலும் வேறிடத்தில் தொடர முடியும் என்றால்தான் உரிமையாளர் பேச உட்காருவார்.

இன்னும் ஒரு விதி, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: அட்மினாக இருப்பவருக்கு டிரிபியூனின் அதிகாரம் எந்தப் பெயரிலும் போகக்கூடாது. கி.மு. 23-இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் அந்தப் பதவியை ஏற்காமலேயே அதன் அதிகாரத்தை மட்டும் ஆயுளுக்கும் வாங்கிக்கொண்டார். பதவியில் பிறகும் ஆட்கள் இருந்தார்கள், அவரைத் தடுக்கத்தான் யாருமில்லை.