ஜாருக்குள் ஜார் வைத்தால் ஜாவா படிக்காது

ஜாவா நிரலை ஒரே ஃபைலாகக் கட்டித் தருவதுதான் ஜார் (.jar). நம் நிரல் பயன்படுத்தும் நூலக ஜார்களை நம் ஜாருக்குள்ளேயே லிப் ஃபோல்டரில் போட்டு, மேனிஃபெஸ்டில் (ஜாரின் விவரங்கள் உள்ள ஃபைல்), நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் கிளாஸ்-பாத் வரியில் பெயர் எழுதினால் ஒரே ஃபைலாகக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஓடாதுங்க. அந்த வரியிலுள்ள பாதை, ஜார் கிடக்கும் ஃபோல்டரிலிருந்து வெளியே தேடப்படுவது. உள்ளே இருக்கும் ஜாரை ஜாவாவின் வழக்கமான கிளாஸ்லோடர் (நிரலின் துண்டுகளான கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) திறந்து பார்ப்பதில்லை.

பலருக்கு "ஓடுதே" என்று தோன்றக் காரணம், பில்ட் செய்த இடத்தில் பக்கத்திலேயே அதே லிப் ஃபோல்டர் இருப்பதுதான். சோதிக்க, ஜாரை மட்டும் ஒரு காலி ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். நூலகத்தின் கிளாஸை முதலில் தொடும் இடத்தில் நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட் எரர் (கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழை) வரும். (நிரல் தொடங்கி, பாதியில்கூட விழலாம், அதனால் அந்த நூலகம் பயன்படும் பட்டனை அழுத்திப் பாருங்கள்.) பிறகு லிப் ஃபோல்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் எரர் போய்விடும்.

லிப் ஃபோல்டரை ஜாருக்கு வெளியே வைத்து இரண்டையும் ஜிப் செய்து கொடுக்கலாம். ஒரே ஃபைல்தான் வேண்டுமென்றால் மேவன் என்ற பில்ட் கருவியின் ஷேட் ப்ளகின், நூலகக் கிளாஸ்களைப் பிரித்து உள்ளே சேர்க்கும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் ஜாருக்குள் ஜார் வைக்கிறதே என்றால், அது தனக்கென்று ஒரு லோடரையும் கூடவே வைத்து அனுப்புகிறது.