சிமெண்ட் பூசினால் அது சீரமைப்பா?

அந்தப் படத்தை நேற்றிலிருந்து எத்தனையோ பேர் அனுப்பிவிட்டீர்கள். வடசென்னையில் மிச்சமிருக்கிற பழைய நகரச் சுவரைச் 'சீரமைத்த' படம்; எந்தத் தெரு என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. சிமெண்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்து, முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்து. அந்த வாழ்த்துகளைப் படிக்கத்தான் மனசு கேட்கவில்லை.

பழைய செங்கல் சுவரில் சிமெண்ட் பூசுவது சீரமைப்பு இல்லை. அந்தச் சுவரைக் கொல்கிற வேலை.

நம்ம ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கடல் கிட்டத்தில் இருக்கிறது. மண்ணில் உப்பு. பழைய செங்கல் அந்த உப்பு ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அதை யாராலும் நிறுத்த முடியாது. சுண்ணாம்புச் சாந்து செங்கலைவிட மிருதுவானது. ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காயும், உப்பு சாந்தில் பூக்கும், சாந்து உதிரும். உதிர்ந்த சாந்தைத் திரும்ப அடைத்துவிடலாம். செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப் போகும். உப்பு செங்கலுக்குள்ளேயே கட்டும். நாலு மழைக்காலம் போகட்டும், விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பூச்சுக்குப் பின்னால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். பிறகு பூச்சு பாளம் பாளமாக விழும். விழும்போது செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே செந்தூள்தான் மிச்சம்.

"வெள்ளைக்காரன் கட்டின சுவர், போனால் போகட்டும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அது யாருக்காகக் கட்டிய சுவர் என்று தெரியுமா? 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் ஊர் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில், அதாவது நம்ம சனம் குடியிருந்த பகுதியில், ஒரு பங்கைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள், பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்று மிச்சத்தைக் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்திய கம்பெனி, இடித்தது. இன்றைக்கு ஐகோர்ட் நிற்கிற இடம் அது. அங்கிருந்த சனம் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தபோது அந்தத் தெருக்கள்தான் சூறையாடப்பட்டன. 1767-ல் மைசூர் குதிரைப்படை நகரத்தின் ஓரம் வரை வந்துபோனது. அதற்கப்புறம்தான் கும்பினி ஊழியர் பால் பென்ஃபீல்டு ஒப்பந்தம் எடுத்து வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பினார். அந்தச் செலவுக்கு, சுவருக்கு உள்ளே குடியிருந்தவர்கள் மேலேயே வரி போடத் திட்டமிட்டார்கள். நம்ம தெருவைக் காக்க, நம்ம சனத்திடமே காசு கேட்டுக் கட்டிய சுவர் எப்படி வெள்ளைக்காரன் சொத்தாகும்?

மிச்சம் இருப்பதே கொஞ்சம். பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் ஒரு துண்டு. கோட்டைக்கும் ஊருக்கும் இடையே யாரும் வீடு கட்டக் கூடாதென்று 1773-ல் நட்ட 6 எல்லைத் தூண்களில் பாரிமுனையில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு செங்கலும் நமக்கு முக்கியம்.

அடுத்து, "சுண்ணாம்புக்கு நேரமும் காசும் எங்கே?" என்கிறார்கள். நேரம் ஆகும். மறுக்கவில்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறப்போடணும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தனியாக ஊறவைக்கணும், புளித்து நுரை வரும்வரை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணலும் செங்கல் தூளும், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைக்கணும். பதம் தெரிந்த கொத்தனார் கரணையைச் சாய்த்துப் பார்ப்பார். சாந்து ஒட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கி இறங்கினால்தான் சுவருக்குப் போகும். செங்கல்களுக்கு இடையிலான இணைப்பை அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, செங்கலை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக அடைக்கணும். பிறகு பத்துப் பதினைந்து நாள் ஈரக் கோணி. வெயில் பட்டுச் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும்.

காசா? கொஞ்ச நாளில் பிய்ந்து விழப்போகிற பூச்சுக்கும் அதன் மேல் பெயின்ட்டுக்கும் காசு இருந்ததே!

இவ்வளவு சொன்னால், "எல்லாத்துக்கும் குறை சொல்வாயா" என்று வரும். வரட்டும். தென்சென்னையில் ஒரு பழைய கட்டடத்தில் ஓடு பெயர்ந்தால் பேப்பரில் பாதிப் பக்கம் வருகிறது. இங்கே சுவரில் அரசங்கன்று முளைத்து, வேர் இரண்டு வரிசைச் செங்கலைத் தள்ளினாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை. சினிமாவில் ரவுடி, துறைமுகம், கழிவுநீர் காட்ட மட்டும் வடசென்னை வேண்டும். இந்த நகரமே இங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அதையே நம்பி வளர்கிறார்கள். வலிக்கிறது.

வேலை கையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதற்றத்தில் அந்தப் பூச்சை பிரேக்கர் வைத்து உடைத்துவிடாதீர்கள். கிரைண்டரும் வேண்டாம். சின்ன உளி, மரச்சுத்தி போதும். பொள்ளல் சத்தம் வருகிற இடத்தை முதலில் எடுங்கள். இறுக ஒட்டியிருப்பதைத் தற்போதைக்கு விட்டுவிடுங்கள், வலிந்து இழுத்தால் செங்கல் முகம் போய்விடும். எடுத்த இடத்தில் உடனே சாந்து வைக்காதீர்கள். ஈரக் காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு உரியுங்கள், உப்பு அதில் ஏறிவரும். உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்யணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். தை மாதம் ஆரம்பியுங்கள். அதுவரை சுவரோரம் தேங்குகிற சாக்கடைத் தண்ணீரை மட்டுமாவது திருப்பிவிடுங்கள்.